ஐந்தாண்டுத் திட்டங்களும் விவசாயப் பல்கலைக் கழகங்களும்

நாடு 1947-ல் விடுதலை பெற்றபோது நம்மிடம் இருந்த பல்கலைக் கழகங்கள் சுமார் இருபதே. பரீட்சை நடத்திப் பட்டம் வழங்குவதே அவற்றின் தலையாய வேலை. பட்டம் பெற்றவர் உத்தியோகம் தேடி நகரங்களுக்குச் சென்றனர். ஏர் பிடிக்கும் உழவனுக்கும் அக்கட்டடங்களுக்கும் உறவு ஏதும் இருந்ததில்லை. இந்நிலை எங்ஙனம் மாறியது, அம்மாற்றம் நம் வயல்வரை வந்ததா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-ல் அமைந்த கல்விக் கமிஷன், கிராமப் பல்கலைக் கழகங்கள் வேண்டும் என்று மறு ஆண்டே பரிந்துரைத்தது. ஆயினும் பணம் செல்லும் வழியைத் தீர்மானித்தது திட்டமே. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் (1956-61) கனரகத் தொழில்களை முதன்மையாகக் கொண்டது. எனவே எஞ்ஜினீயர்களை உருவாக்கும் உயர்நிலையங்கள் விரைந்து எழுந்தன. மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959-ல் சென்னையில் நிறுவப்பட்டது அவற்றுள் ஒன்று. உணவுப் பற்றாக்குறையோ நீடித்தது. கப்பலில் வந்த கோதுமையை எதிர்பார்த்து ரேஷன் கடைகளில் மக்கள் நின்றனர்.

சமூக அபிவிருத்தித் திட்டம் 1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கியபோது கிராம சேவகர்கள் ஊர் ஊராக வந்தனர். உழவர் கேட்ட வினாக்களை அவர்கள் யாரிடம் கொண்டுசெல்வது? கற்பிப்பது கல்லூரி, ஆராய்வது பண்ணை, எடுத்துச் சொல்வது விவசாய இலாகா. மூன்றும் தனித்தனியே இயங்கின. பயிரில் புதிய நோய் கண்டால், அச்செய்தி ஆராய்ச்சியாளரை அடையுமுன் அறுவடை முடிந்துவிடும்.

இம்மூன்றையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்வதே விவசாயப் பல்கலைக் கழகத்தின் அடிப்படைக் கருத்து. அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கன் காலத்தில், 1862-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மாகாணங்களுக்கு அரசு நிலம் அளித்து அதன் வருவாயில் கல்லூரிகள் கட்டப்பட்டன. அம்முறையைத் தழுவி நம் நாட்டில் முதலாவது பல்கலைக் கழகம் 1960-ல் இமயமலை அடிவாரத்தில் பந்த்நகரில் பிரதமர் நேருவால் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் பண்ணையே ஆயிரக்கணக்கான ஏக்கர் பரப்புடையது. விதை உற்பத்தி அங்குப் பாடமாகவும் தொழிலாகவும் வளர்ந்தது. லூதியானா 1962-ல் தொடர்ந்தது. மாநிலத்திற்கு ஒன்றேனும் வேண்டும் எனக் கோத்தாரி கமிஷன் 1966-ல் கூறிற்று. சைதாப்பேட்டையில் 1868-ல் தோன்றிய விவசாயப் பள்ளியின் வழிவந்த கோயமுத்தூர்க் கல்லூரி, 1971-ல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகமாயிற்று.

பயன் பெரிது; குட்டை ரக நெல்லும் கோதுமையும் பஞ்ச அச்சத்தைப் போக்கின. எனினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. திட்டம் கேட்டது விரைவில் பெருகும் தானியம். அதற்கு ஏற்றது நீரும் உரமும் உள்ள நிலம். ஆகவே பணமும் ஆராய்ச்சியாளர் கவனமும் பெரும்பாலும் பாசன நிலத்தின் பக்கமே சாய்ந்தன. மானாவாரி உழவரின் வரகும் சாமையும் பின்தங்கின. கோயமுத்தூரில் சிறுதானிய ஆராய்ச்சி முன்னரே இருந்தும் இந்நிலை. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டி, சர்க்காரின் பார்வை மீண்டும் அப்பக்கம் திரும்பியது. நிலமும் உழவரும் மாறவில்லை, கொள்கை மாறியது. புன்செய்க் கிராமங்கள் இதனைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். கேளாத குரலுக்குத் திட்டத்தில் இடம் கிடைப்பதில்லை.

கேட்பதற்கு வாயில்கள் உள்ளன. கோயமுத்தூர்ப் பல்கலைக் கழகத்தின் பொறுப்பில் நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று நாடெங்கும் 700-க்கு மேல் உள்ளன. உழவர் வயலிலேயே புதிய ரகங்களைப் பரிசோதித்துக் காட்டுவது இவற்றின் கடமை. எந்தப் பயிர், எந்த வயல் என்பதில் பஞ்சாயத்து தன் கருத்தை எழுத்து மூலம் தெரிவிக்கலாம். இறுதியாண்டு விவசாய மாணவர்கள் பயிற்சிக்காகச் சில வாரங்கள் கிராமங்களில் தங்குகின்றனர். அவர்களை விழா மேடையில் அமர்த்தி மாலையிட்டு அனுப்பிவிடும் ஊர்கள் உண்டு. அதனினும், மண் மாதிரி எடுக்கவும், கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்கவும், பூச்சித் தாக்குதலைப் பதிவு செய்யவும் அவர்களை அழைத்து, அக்குறிப்பின் நகலைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்துக்கொள்வது நலம். அடுத்த பருவத்தில் நிலையத்திற்குச் செல்லும்போது அந்நகல் கையில் இருக்கட்டும்.