எதிரியைக் குறைத்து விளையாடலாம்!

சீர்காழியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய என் தம்பி, ஃபேக்டோரியோ கேமைப் பாதியிலேயே விட்டுவிட்டான். ஒரு வாரம் கட்டிய தொழிற்சாலையைப் பூச்சிகள் அழித்துவிட்டனவாம். வயலில் யூரியா கூடினால் புகையான் பெருகுவது போல, இந்த கேமில் ஆலை மாசு பரவினால் பூச்சிகள் படையெடுக்கும்.

இதைச் சரிசெய்ய, புதிய ஆட்டம் தொடங்கும்போதே எனிமி டேபைக் கிளிக் செய்யுங்கள்.

1. ஸ்டார்ட்டிங் ஏரியா அளவைக் கூட்டுங்கள். கூடுகள் தள்ளியே இருக்கும்.

2. எனிமி எக்ஸ்பான்ஷனில் டிக்கை எடுத்துவிடுங்கள். புதிய கூடுகள் முளைக்காது.

3. பீஸ்ஃபுல் மோடில் டிக் செய்தால், நாம் தாக்காதவரை பூச்சிகளும் தாக்காது.

"இது ஏமாற்று வேலை இல்லையாண்ணே?" என்றான். இல்லை. கேமை உருவாக்கியவர்களே தந்த வசதிதான் இது. முதலில் கட்டப் பழகுங்கள். அடுத்த ஆட்டத்தில் எதிரியைக் கூட்டிக்கொள்ளலாம். தம்பி இப்போது இரண்டாவது தொழிற்சாலை கட்டுகிறான்!