மனச்சோர்வு: எப்போது ஆலோசகரிடம் போவது?

மனம் சோர்வது எல்லோருக்கும் உண்டு. எந்தக் கட்டத்தில் உதவி தேடுவது என்பதில்தான் தடுமாற்றம். மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு எளியது: துக்கமோ எதிலும் பிடிப்பின்மையோ 2 வாரங்களுக்குக் குறையாமல், அநேகமாக நாள் முழுக்க நீடித்து, தூக்கமும் பசியும் வேலையும் கெட்டால் போய்விட வேண்டும். உயிரை விடும் எண்ணம் எட்டிப் பார்த்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

"வீட்டாரிடம் மனம்விட்டுப் பேசினால் போதாதா?" என்பார்கள். பேசுவது நல்லதே. ஆனால் உறவினர் ஆறுதல் சொல்வார், கூடவே அறிவுரையும் (அதை யாராலும் தடுக்க முடியாது). பயிற்சி பெற்ற ஆலோசகரின் வேலை வேறு. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணம் எப்போது எழுகிறது, அதற்கு ஆதாரம் என்ன என்று வந்தவரையே சோதிக்க வைப்பார். கைவிட்ட சிறு வேலைகளை நாள் குறித்துத் திரும்பத் தொடங்கச் செய்வார். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் இந்த முறை, மிதமான மனச்சோர்வில் மருந்துக்கு ஏறத்தாழ இணையான பலன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மாத்திரை தேவைப்பட்டாலும், அது போதைப் பழக்கமாகிவிடும் என்ற பயம் மனச்சோர்வு மருந்துகளுக்குப் பொருந்தாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்துவதுதான் தொல்லை. செலவைப் பற்றிய தயக்கம் நியாயமானது. ஆனால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-இல் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.