சமூக சேவைக்குக் கம்ப்யூட்டர்: மானியம் பெறுவது எப்படி?

ஊருக்கு உதவும் சாப்ட்வேர் யோசனை இருக்கிறது, பணம்தான் இல்லை. பல தொண்டு நிறுவனங்களின் நிலை இதுதான். மானியம் தருபவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? ஓர் உதாரணத்துடன் பார்ப்போம்.

புதுவை காட்டும் வழி

1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் நிதியுதவியுடன் புதுவை கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. இடம் கொடுத்தது கிராமம். நடத்தியவர்கள் உள்ளூர்த் தொண்டர்கள். மீனவ கிராமமான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் இருந்து அலை உயர விவரத்தை டவுன்லோடு செய்து ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்தபோது, சிங்கப்பூரில் இருந்து போனில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கி ஊருக்கே சொன்னது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பினர்.

இங்கே மக்களைக் காப்பாற்றியது விலை உயர்ந்த கருவி அல்ல, சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்த செய்தி.

சிவகாசிக்குப் பொருத்திப் பாருங்கள்

2012 செப்டம்பர் 5-ல் சிவகாசி அருகே முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தனர். அவர்களில் பலர், தீயைப் பார்க்கவும் உதவவும் ஓடிவந்தவர்கள். "ஆலைக்கு அருகே போகாதீர்கள்" என்று சுற்றுக் கிராமங்களின் செல்போன்களுக்கும் ஒலிபெருக்கிக்கும் ஒரே நேரத்தில் குரல் செய்தி அனுப்பும் ஏற்பாட்டை ஒரு திட்டமாக எழுதலாம்.

விண்ணப்பத்தில் இருக்க வேண்டியவை

1. பிரச்சினை என்ன, யாருக்கு? கம்ப்யூட்டரைப் பற்றிப் பிறகு எழுதுங்கள்.
2. ஊர் தரும் பங்கு என்ன? இடம், மின்சாரம், ஆட்கள்.
3. பலனை எப்படி அளப்பீர்கள்? உதாரணமாக, ஒத்திகையின்போது எத்தனை நிமிடத்தில் எத்தனை வீடுகளுக்குச் செய்தி போனது என்று குறிக்கலாம்.
4. மானியம் முடிந்தபின் போன் கட்டணத்தையும் பராமரிப்பையும் ஏற்பவர் யார்? பல திட்டங்கள் இங்கேதான் படுத்துவிடுகின்றன.

பணம் எங்கே?

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தங்கள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பேரிடர் மேலாண்மையும் இதில் அடங்கும். இந்தப் பணத்தைப் பெற வருமான வரித் துறைப் பதிவும், சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவும், பொதுவாக மூன்று ஆண்டு அனுபவமும் தேவை. புதிய குழு என்றால், அனுபவமுள்ள தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து விண்ணப்பிப்பது எளிது. வெளிநாட்டுப் பணத்துக்கு எப்.சி.ஆர்.ஏ. அனுமதி அவசியம். 2020 திருத்தத்திற்குப் பிறகு, அப்படி வந்த பணத்தை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது.

முதலில் ஒரே கிராமத்தில், இருக்கும் செல்போன்களை வைத்தே ஒத்திகை நடத்துங்கள். அதன் முடிவை ஒரு பக்கத்தில் எழுதி விண்ணப்பத்துடன் இணையுங்கள்.