கதவை வெட்டிவிட்டாய், தம்பி



லண்டன், ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் என்று பத்து நாள் சுற்றிவிட்டு, கண்ணில் பட்ட புகை டிடெக்டர், ஹூட்டர், தீ என்றால் கையால் அழுத்தும் எம்.சி.பி. பெட்டி எல்லாவற்றையும் படத்தோடு எழுதி அனுப்பியிருக்கிறாய். 31 படங்களில் ஒன்றில்கூட பிக் பென் இல்லை. நம்ம ஆள்தான் நீ.

அதனால்தான் கோபமும் வருகிறது. எல்லாப் படத்திலும் கருவி மட்டும், பாஸ்போர்ட் போட்டோ மாதிரி. சுவர் எங்கே? கதவு எங்கே? ஒரு எம்.சி.பி.யை யார் செய்தது என்பது கேட்டலாக்கைப் புரட்டினால் தெரிந்துவிடும். அதை எங்கே மாட்டியிருக்கிறார்கள் என்பதை அங்கே போய் நின்றவன்தான் சொல்ல முடியும். பிரிட்டனில் பொதுவாக 45 மீட்டருக்கு மேல் நடக்காமல் ஒருவர் எம்.சி.பி.யை எட்டிவிட வேண்டும். அதுவும் வெளியேறும் வழியில், தரையிலிருந்து சுமார் 1.4 மீட்டர் உயரத்தில். அமெரிக்காவில் 61 மீட்டர்வரை விடுவார்கள்; ஆனால் வாசலுக்கு 1.5 மீட்டருக்குள் ஒன்று இருந்தாக வேண்டும். எந்த லாட்ஜில் தங்கினாலும் அறைக்கதவிலிருந்து எம்.சி.பி. வரை காலடி எண்ணிவிட்டுத்தான் நான் பெட்டியைத் திறப்பேன். "என்ன, அடிப்பிரதட்சிணமா?" என்பாள் உன் அண்ணி.

லண்டனில் பார்த்த பச்சைப் பெட்டியையும் ஹாம்பர்க்கின் நீலப் பெட்டியையும் 'வேறு நிறத்தில் ஃபயர் அலாரம்' என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். பச்சை, கதவின் பூட்டை விடுவிப்பதற்கு. அழுத்தினால் கதவு திறக்கும், ஹூட்டர் கத்தாது. ஜெர்மனியில் நீலம் என்றால் கட்டடத்துக்குள் மட்டும் ஒலிக்கிற எச்சரிக்கை. தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போவது சிவப்பிலிருந்துதான். உன் குறிப்பை நம்பி ஒருவன் நீலத்தை அழுத்திவிட்டு, வண்டி வரும் வரும் என்று உட்கார்ந்திருந்தால்? அவன் 112-ஐக் கூப்பிட வேண்டும் என்பதையல்லவா நீ எழுதியிருக்க வேண்டும்!

ஆம்ஸ்டர்டாம் ஓட்டல் ஒத்திகையை 'சைரன் அடித்தது' என்று இரண்டே சொல்லில் முடித்ததையும் மன்னிக்க மாட்டேன். அந்த நாட்டு ஒலி 500 ஹெர்ட்ஸில் தொடங்கி மூன்றரை நொடியில் 1200-க்கு ஏறும், அரை நொடி மூச்சு வாங்கும், மறுபடி ஏறும். நான் பதிவில்தான் கேட்டிருக்கிறேன். உனக்கு நேரில் வாய்த்தது.

கருவி இருக்கும் இடத்தை நேரில் பார்க்கிற இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது தெரியுமா? தொண்ணூறுகளில் கோவைப் பக்கம் ஒரு நூல் கிடங்குக்கு சர்வீஸுக்குப் போனேன். ஃபயர் அலாரம் பேனலில் பச்சை விளக்கு. பழுது எதுவும் இல்லை. ஏணி போட்டு ஊதுவத்திப் புகையைக் காட்டினேன். ஒரு டிடெக்டரும் அசையவில்லை. பார்த்தால் எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு டஸ்ட் கவர்! பெயிண்ட் வேலை முடிந்ததும் கழற்றியிருக்க வேண்டியது, போட்டது போட்டபடி இருக்கிறது. பேனலைக் குற்றம் சொல்ல முடியாது. ஒயர் அறுந்தால் அதற்குத் தெரியும். மூக்கைப் பொத்தினால் எப்படித் தெரியும்? "பார்க்க எடுப்பா இருந்துச்சு சார், விட்டுட்டோம்" என்றார் மேஸ்திரி. அன்றிலிருந்து எங்கே போனாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பேன். கல்யாணப் பந்தியில்கூட. ரசம் இலையைத் தாண்டி மடிக்கு வந்த பிறகுதான் குனிந்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று. ஹாம்பர்க் விடுதியில் பழுப்பேறிய டிடெக்டர் வரிசையில் ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்ததைப் பிடித்தாயே! அதை மட்டும் ஏன் மாற்றினார்கள் என்று யோசித்து, பக்கத்திலேயே சீலிங்கில் தண்ணீர் ஒழுகிய கறையையும் கண்டுபிடித்தாயே! அந்தப் பத்தியை மூன்று தடவை படித்தேன். முப்பது வருஷம் ஏணி ஏறிய எனக்கு அப்படி ஒரு பத்தி எழுத வந்ததில்லை. நான் இன்னும் தொழிலில் இருந்திருந்தால் மறுநாளே உன்னை சைட்டுக்குக் கூட்டிப்போயிருப்பேன்.

அடுத்த மாதம் மதுரை போகிறாயாமே. நம்மூர் ஓட்டல்களில் அறைக்கதவுக்கு மேலே சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். ஆர்.ஐ. என்போம். பூட்டிய அறைக்குள் டிடெக்டர் புகையைப் பிடித்தால், எந்த அறை என்று வெளியே நிற்பவனுக்குக் காட்டிக்கொடுப்பது அதுதான். அதைப் படம் எடு, கதவோடு சேர்த்து.

ஹாம்பர்க் நீலப் பெட்டியின் படத்தில் இடது ஓரம் ஒரு கைப்பிடி பாதி தெரிகிறது. வெட்டாத படம் கைவசம் இருந்தால் அனுப்பு. அந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்க்க வேண்டும்.