மகனை எந்தக் கோர்ட்டுக்குக் கூட்டிப்போவது?

கேள்வி: நான் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்க்கிறேன். கணவர் இரண்டு வருடமாகத் தனியே இருக்கிறார். விவாகரத்து கேட்டுக் குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட்டு, வாய்தா மேல் வாய்தா போய்க்கொண்டிருக்கிறது. ஒரே மகன், பதினாறு முடிந்து நான்கு மாதம். பத்தாம் வகுப்பு பாஸ். பிளஸ் ஒன் சேர்த்தேன், மூன்றே மாதத்தில் நின்றுவிட்டான். எனக்கு நைட் ஷிஃப்ட் வரும் வாரங்களில் எத்தனை மணிக்கு வருகிறான், யாரோடு வருகிறான் என்பதே தெரியாது. கேட்ட பணம் கொடுக்காவிட்டால் சாமான்களைப் போட்டு உடைக்கிறான். சட்டைப் பையில் புகையிலைப் பொட்டலம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு டூவீலர் மெக்கானிக் கடைக்குத் தவறாமல் போய்விடுவான். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் யாருடைய செல்போனோ திருடு போனதில் இவன் பெயர், இவன் வயதுப் பையன் ஒருவன் பெயர், இருபத்தொரு வயது ஆள் ஒருவன் பெயர் மூன்றும் அடிபடுகிறது. ஸ்டேஷனிலிருந்து போன் செய்து, ‘பையனைக் கூட்டிட்டு வாம்மா’ என்கிறார்கள். என் அண்ணன், ‘செங்கல்பட்டு மாதிரி ஏதாவது ஒரு ஹோமில் ஆறு மாசம் போடு, திருந்தி வருவான்’ என்கிறார். கணவரோ, ‘தாயிடம் வளர்ந்ததால்தான் கெட்டுப்போனான், என்னிடம் ஒப்படையுங்கள்’ என்று புதிதாக ஒரு மனு கொடுத்திருக்கிறார். எங்கள் வழக்கு நடக்கிற கோர்ட்டிலேயே சொல்லி மகனைத் திருத்த வழி உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, உங்கள் கேள்வி கோர்ட்டைப் பற்றியது. ஆனால் அவசரம் ஸ்டேஷனில் இருக்கிறது. அதை முதலில் பார்ப்போம்.

போகாமல் இருக்காதீர்கள், பையனைத் தனியாகவும் அனுப்பாதீர்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வயதுக்குச் சட்டம் முதலில் பார்ப்பது பள்ளியில் பதிவான பிறந்த தேதியையோ பத்தாம் வகுப்புச் சான்றிதழையோதான். அதைக் காட்டிவிட்டால் அவன் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவன் என்பதில் பேச்சுக்கு இடமில்லை. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் யார் என்று கேட்டு அவரிடமே பேசுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன்படி உங்கள் மகனை லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு போடக் கூடாது, வாக்குமூலம் எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. பிடித்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். ‘நீங்க வெளியே இருங்கம்மா, சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடறோம்’ என்பார்கள். நகராதீர்கள்.

எஃப்.ஐ.ஆர். போடுவார்களா? பொதுவாகச் சிறுவர்கள் மட்டும் சம்பந்தப்பட்ட சிறு குற்றங்களுக்கு எஃப்.ஐ.ஆர். கூடாது, பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் குடும்பச் சூழ்நிலை பற்றிய அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதே விதி. உங்கள் விஷயத்தில் சிக்கல் அந்த இருபத்தொரு வயது ஆள். பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகக் குற்றச்சாட்டு வந்தால் எஃப்.ஐ.ஆர். பதியலாம். பதிந்தாலும் இருவரையும் ஒரே வழக்காக விசாரிக்க முடியாது. அந்த ஆளுக்கு வழக்கமான கோர்ட், உங்கள் மகனுக்குக் குழுமம்.

குழுமம் என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள், அந்த இருவரில் ஒருவராவது பெண் – இவ்வளவுதான். திருட்டுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அதிகபட்சம் மூன்று ஆண்டு, ஆகவே இது சிறு குற்றம் என்ற வகையில் வரும். ‘பதினாறு தாண்டிவிட்டான், பெரியவன் மாதிரி விசாரிப்பார்கள்’ என்று யாராவது மிரட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு என்றிருக்கும் கொடுங்குற்றங்களுக்கு மட்டும். ஜாமீன் கொடுப்பதுதான் இங்கே பொது விதி. மறுக்க வேண்டுமென்றால், வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்பது போன்ற காரணத்தைக் குழுமம் எழுத்தில் சொல்ல வேண்டும். இங்கேதான் உங்கள் நைட் ஷிஃப்ட் கணக்கில் வரும். ‘இரவில் பையனை யார் பார்த்துக்கொள்வார்கள்?’ என்று கேட்பார்கள். பாட்டியோ சித்தியோ யாராவது வந்து தங்குவார்கள் என்றால் அவர்களையும் அன்றைக்கே கூட்டிப்போங்கள்.

அடுத்து நன்னடத்தை அலுவலர் உங்கள் வீட்டுக்கு வருவார். இரண்டு வாரத்துக்குள் பையனைப் பற்றிய சமூக விசாரணை அறிக்கையைக் குழுமத்துக்குக் கொடுக்க வேண்டியவர் அவர். பலர் அவரைப் போலீஸ் என்று நினைத்து வீட்டைக் கூட்டிப் பெருக்கிவைத்து, ‘எங்க புள்ள தங்கம் சார்’ என்று ஒப்பிக்கிறார்கள். அது வேண்டாம். உடைந்த சாமான், பள்ளிக்குப் போகாத நாள், புகையிலைப் பொட்டலம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் கண்டித்து அனுப்புவதா, கவுன்சலிங்குக்கு அனுப்புவதா, சமூகப் பணி செய்யச் சொல்வதா, நன்னடத்தைக் கண்காணிப்பில் உங்களிடமே விடுவதா என்று குழுமம் முடிவெடுக்கும். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும், மேலும் இரண்டு மாதம் நீட்டலாம். சிறு குற்றத்தில் அதற்குள்ளும் முடியவில்லை என்றால் வழக்கையே கைவிட வேண்டும். தவறு செய்தான் என்றே முடிவானாலும் அது பிற்காலத்தில் வேலைக்கோ படிப்புக்கோ தகுதிக் குறைவாகாது. நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கும்போது முடிந்துபோன இந்த வழக்கைப் போலீஸ் வெளியே சொல்லவும் கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். குடும்ப நல நீதிமன்றத்தால் உங்கள் மகனைத் திருத்த முடியாது. அவன் விஷயத்தில் நீங்கள் இருவரும் நடந்துகொள்ளும் விதத்தை மாற்ற அதனால் முடியும். அந்தக் கோர்ட்டின் சட்டம் 1984-இல் வந்தது. பிள்ளை யாரிடம் இருப்பது, யார் எப்போது பார்ப்பது என்பதெல்லாம் அதன் அதிகாரத்துக்குள் வரும். வழக்கை நடத்துவதோடு நிற்காமல் முடிந்தவரை சமரசம் செய்துவைக்கும் கடமையும் அதற்கு உண்டு. அதற்காகவே ஆலோசகர்களை வைத்திருக்கிறார்கள், சமூக நல அமைப்புகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்கிறது சட்டம். பலருக்குத் தெரியாத பிரிவு 12: மருத்துவ, மனநல வல்லுநரின் உதவியை நீதிபதி தானே கேட்டுப் பெறலாம். நீங்கள் ஓர் இடைக்கால மனு போட்டு, ‘என்னையும் கணவரையும் மகனையும் ஆலோசகரிடம் அனுப்புங்கள், அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் அறிக்கை பெறுங்கள்’ என்று கேட்கலாம். விசாரணையை மூடிய அறையில் நடத்தும்படி இருவரில் ஒருவர் கேட்டாலே போதும், நடத்தியாக வேண்டும். கட்டாயம் கேளுங்கள். வராந்தாவில் நின்று ஊரே கேட்கும்படி மகனின் பெயரைக் கூப்பிட வேண்டியதில்லை.

கணவரின் மனுவுக்குப் பதில் எழுதுகிற இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய எதிர்மனு நகலைப் படித்தேன். ஏழாவது பத்தியில் ‘மகன் திருட்டுப் பழக்கத்துக்கும் போதைக்கும் ஆளானதற்கு மனுதாரரே காரணம்’ என்று இருக்கிறது. இன்னும் தாக்கல் ஆகவில்லை என்றால் அந்தப் பத்தியை அடித்துவிடச் சொல்லுங்கள்.

நான் வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் இதே வேலையைச் செய்திருக்கிறேன். கணவன் கொடுமைக்காரன் என்று காட்ட மகனின் தப்புகளை ஒவ்வொன்றாகத் தேதி போட்டு எழுதினேன். எழுதும்போது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது. நான்கு வருடம் கழித்து அந்தப் பையன் ஆபீசுக்கு வந்தான். வீட்டு பீரோவில் கிடைத்ததாம், மனுவின் ஜெராக்ஸை மடித்துக் கையில் வைத்திருந்தான். அவனைப் பற்றிய வரிகளுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தான். ‘சார், இது அம்மா சொன்னதா, நீங்களா எழுதினதா?’ என்று கேட்டான். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அன்றைக்கு அவனுக்கு என்ன பதில் சொன்னேன் என்பது இன்றுவரை எனக்குச் சரியாக நினைவில்லை.

எதிர்மனுவில் பையனின் படிப்பு, பராமரிப்பு, நீங்கள் இப்போது எடுத்திருக்கும் ஏற்பாடு ஆகியவை இருந்தால் போதும். இளைஞர் நீதிக் குழுமத்தில் வந்த அறிக்கைகள் ரகசியமானவை என்று சட்டமே சொல்கிறது. கணவர் தரப்பு அவற்றைத் தூக்கிக்கொண்டு குடும்ப நல நீதிமன்றத்துக்கு வந்தால் உங்கள் வக்கீல் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் ஆட்சேபிக்க என்ன இருக்கிறது? யாரிடம் ஒப்படைப்பது என்பதில் பிள்ளையின் நலன்தான் தலையாயது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அவன் விருப்பத்தையும் நீதிபதி கேட்கலாம். பெரும்பாலும் தன் அறைக்குக் கூப்பிட்டுத் தனியாகத்தான் கேட்பார். வீட்டிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு போகிற பதில் அங்கே இரண்டாவது கேள்வியிலேயே கழன்றுவிடும். அவனுக்கு எதையும் சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள்.

உங்கள் அண்ணன் சொல்வது அந்தக் காலத்துப் பேச்சு என்று தள்ளவும் முடியாது. நாட்டிலேயே முதன்முதலாகக் குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டது நம் மாகாணம்தான், 1920-ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். 1986-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்தில்கூட, ‘பிள்ளை எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை’ என்று பெற்றோரே புகார் கொடுக்க ஒரு பிரிவு இருந்தது. இன்றைய சட்டத்தின் போக்கு வேறு. இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோதுதான். அரசு இல்லங்களின் நிலைமையை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைக்க வேண்டிய நிலை 2023-இல் வந்தது. அண்ணனிடம் அதைச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் பையன் அங்கே கற்றுக்கொண்டு வருவது எது என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள்.

ஆனால் போலீஸ் பிடிக்கும்வரை காத்திருக்காமல் நீங்களாகவே போய் உதவி கேட்கிற இடம் ஒன்று இருக்கிறது. அது மாவட்டக் குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். போதைப் பழக்கத்துக்கு இழுக்கப்படக்கூடிய நிலையில் உள்ள பிள்ளையைப் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்றுதான் சட்டம் பார்க்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்தால் குழு என்றைக்கு உட்காரும் என்று சொல்வார்கள், 1098-க்குப் போன் செய்தாலும் வழிகாட்டுவார்கள். ஒரு எச்சரிக்கை. கோபத்தில், ‘இவன் எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையை ஒப்புவிப்பது என்பது சட்டத்தில் வேறு விஷயம். யோசித்துத் திரும்பப் பெற இரண்டு மாத அவகாசம் இருக்கிறது, அதற்குப் பிறகு உங்கள் உரிமை போய்விடும்.

புகையிலையும் அதைவிட மோசமானதும் கைமாறுவது அந்த இருபத்தொரு வயதுக்காரன் மூலம் என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடம் உங்கள் எதிர்மனு அல்ல, குழு. குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் வரை அபராதமும் உண்டு.

வக்கீல் செலவுக்குக் கவலைப்படாதீர்கள். பெண்ணுக்கும் குழந்தைக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கோர்ட் வளாகத்திலேயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசி எண் 15100. இரண்டு வழக்குக்கும் இரண்டு வக்கீல் இருந்தாலும் ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த மெக்கானிக் கடை. நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் அதைப் போகிற போக்கில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். நன்னடத்தை அலுவலரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். கடைக்காரர் சம்மதித்தால், ‘ஞாயிறுதோறும் காலையில் வந்துவிடுவான், வேலை கற்றுக்கொள்கிறான்’ என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு பாஸ் என்பதால் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கு மனுப் போடத் தகுதி இருக்கிறது. அந்த விண்ணப்பத்தின் நகலும் கையில் இருந்தால், ‘ஹோம்’ என்ற பேச்சு குழுமத்தில் எழும்போது எடுத்து நீட்ட உங்களிடம் ஏதாவது இருக்கும்.