அடிக்காப்பும் தரை இடைவெளியும்

மலைப்பாதையில் செல்லும் ஊர்திக்குக் கண்முன் தெரியும் பள்ளத்தைவிட அடிப்புறத்தில் மோதும் கல்லே கொடிது. எஞ்சினின் கீழுள்ள எண்ணெய்த் தொட்டி உடைந்தால் மசகெண்ணெய் ஒழுகிவிடும். ஓட்டுநர் அதனை உணராது தொடர்ந்து செலுத்தினால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். மனித நடமாட்டமற்ற காட்டில் இது உயிருக்கே இடராகலாம். ஆதலால் தொட்டியின் கீழே காப்புத்தகடு பொருத்துவர்.

ஒரு மீட்டர் நீளமும் 60 செ.மீ. அகலமும் 4 மி.மீ. தடிப்பும் உடைய எஃகுத் தகட்டின் எடை ஏறத்தாழ 19 கிலோ. அதே பரப்பில் 6 மி.மீ. தடிப்புள்ள அலுமினியத் தகடு 10 கிலோவுக்குள் அடங்கும். ஆயினும் பாறையில் உரசும்போது எஃகு வழுக்கிச் செல்ல, மென்மையான அலுமினியம் கீறுண்டு பற்றிக்கொள்ளும். எடை கூடக்கூட வில்கள் அமிழும். காக்க வந்த தகடே ஊர்தியைக் கல்லுக்கு அருகில் இறக்கிவிடுவது வேடிக்கைதான்!

இந்தியப் படையில் நெடுங்காலம் உழைத்த மாருதி ஜிப்சியின் தரை இடைவெளி 210 மி.மீ. அதில் மிகத் தாழ்ந்திருப்பது எண்ணெய்த் தொட்டியன்று. அச்சின் நடுவே புடைத்திருக்கும் டிஃபரென்ஷியல் கூடு. வில்லை உயர்த்தினால் உடற்பகுதி உயரும்; அக்கூடு உயராது. ஈர்ப்பு மையம் மேலேறுவதால் சரிவில் கவிழும் வாய்ப்பும் மிகும். சக்கரத்தின் விட்டம் 50 மி.மீ. கூடினால் மட்டுமே கூடு 25 மி.மீ. உயரும். தொட்டிக்கடியில் பொருத்தும் தகடு அக்கூட்டின் மட்டத்திற்கு மேலேயே நின்றால், 210 மி.மீ. அளவில் தகட்டின் தடிப்பால் குறைவு நேராது. ஆனால் மேட்டின் முகட்டைக் கடக்கையில் இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அடிப்பகுதி தட்டும். அங்கே ஒவ்வொரு மில்லிமீட்டரும் கணக்கிற்குரியது. தகட்டில் சேறு வடியத் துளைகளும் வேண்டும். தேங்கிய சேறும் சுமையே.