பாடு போடத் தெரிந்த ஊருக்குப் பதிவேடு புதிதா?

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு இளைஞர் மன்றம் புதிதில்லை. பொங்கலுக்குக் கோலப்போட்டி, கோடையில் கிரிக்கெட், மழைக்காலத்தில் வீடு வீடாகச் சோறு என்று பிள்ளைகள் சேர்ந்து செய்கிற வேலைகளுக்குக் குறைவும் இல்லை. "மன்றத்தைச் சட்டப்படி பதிவு செய்யலாமே" என்று பேச்செடுத்தால்தான் தயக்கம் வருகிறது. தயக்கத்துக்குப் பின்னால் இருக்கும் சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"ஊரே ஒத்துக்கிச்சு, அப்புறம் பதிவு எதுக்கு?"

சங்கம் சேரும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு குடிமக்கள் எல்லாருக்கும் தந்திருக்கிறது. ஊர் ஒப்புதலும் பெரிய பலம்தான். ஆனால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975, உறுப்பினர் எண்ணிக்கை 20ஐ எட்டிவிட்ட சங்கம் பதிவு செய்தே ஆகவேண்டும் என்கிறது. குப்பத்து மன்றம் ஒன்றில் இருபது பேர் சேர்வது ஒரு மாலை நேரத்து வேலை.

சட்டத்தைவிடப் பணம்தான் இதில் பெரிய காரணம். பதிவில்லாத மன்றத்தின் காசு யாரோ ஒருவர் பெயரில், அல்லது இருவர் பெயரில் வங்கியில் கிடக்கும். அவர்களில் ஒருவர் வேலை தேடி வெளியூர் போகலாம். தொழிலுக்குப் போன இடத்தில் உயிரே போகலாம். அப்போது அந்தக் காசு சட்டத்தின் கண்ணில் அவருடையது, அவர் குடும்பத்துடையது. ஊரார் சேர்த்து வாங்கிய படிப்பக இடத்துக்கும் இதே கதிதான். நண்பர்களுக்குள் வரும் பல மனத்தாங்கல்கள் நேர்மைக் குறைவால் வருவதில்லை. காசு யார் பெயரில் இருக்கிறது என்பதால் வருகின்றன. பதிவான பிறகு மன்றத்தின் பெயரில் பான் அட்டை வாங்கலாம், வங்கிக் கணக்கு தொடங்கலாம். ஆள் மாறினாலும் பணம் இடம் மாறாது.

"இது ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போட்டி."

அதிகம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

ஏரியில் எந்த இடத்தில், எந்த முறையில், யார் வலை கட்டுவது என்று பங்கிட்டுக்கொள்ளும் 'பாடு' முறை பழவேற்காட்டின் பெருமை. கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்கள் தலைமுறைகளாக அதை நடத்தி வருகின்றன. யார் உறுப்பினர், இன்று யார் முறை, மீறினால் என்ன தண்டம் என்பதெல்லாம் அதில் உண்டு. ஒரு சங்கத்தின் பைலாவில் இருப்பதும் ஏறக்குறைய இவைதான். வலை கட்டும் உரிமையையே முறை வைத்துப் பங்கிட்டுக்கொண்ட ஊருக்கு ஒரு மன்றத்தின் வரவுசெலவை நடத்தத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

பதிவு பெற்ற மன்றம் பாடு முறையில் தலையிட முடியாது. மீன்பிடி உரிமையைப் பங்கிடுவது அதன் நோக்கமே இல்லை. கல்வி, விளையாட்டு, பொதுச் சுகாதாரம், கலை, சமூகசேவை போன்றவற்றுக்காகத்தான் 1975ஆம் ஆண்டுச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்கிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கமும் வேறு. அது 1983ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் வருவது. பெயரில் 'சங்கம்' இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஊர்ப் பஞ்சாயத்துக்கும் மன்றத்துக்கும் நடுவே ஒரு வேறுபாடு உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஊர்க் கணக்கு தலைக்கட்டுக் கணக்கு. பொதுவாகக் கல்யாணமான ஆண் பெயரில்தான் வீடு எண்ணப்படும். கல்யாணமாகாத பையன் அதில் தனியாக வரமாட்டான். பெண்கள் வரமாட்டார்கள். ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை. சங்கங்கள் சட்டம் கல்யாணத்தையும் கேட்பதில்லை, சாதியையும் கேட்பதில்லை. கல்லூரிக்குப் போகும் மீனவர் மகளும், இருளர் பையனும், ஊர்த் தலைவர் மகனும் ஒரே பதிவேட்டில், ஒரே வாக்குடன் இருக்கலாம். பெரியவர்களுக்கு இதில் அச்சம் இருந்தால் வெளிப்படையாகப் பேசுங்கள். பைலாவை எழுதும்போதே ஊர் நிர்வாகிகளை உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். மறைத்துச் செய்தால்தான் அது போட்டியாகத் தெரியும்.

"வக்கீல் இல்லாம, பெரிய பணம் இல்லாம நடக்காது."

வேண்டியது 18 வயது நிரம்பிய ஏழு பேர். நோக்கங்களைச் சொல்லும் அமைப்புப் பத்திரம், நடைமுறையைச் சொல்லும் பைலா, அலுவலக முகவரிக்குச் சான்று, கையெழுத்திடுவோரின் அடையாள ஆவணங்கள். விண்ணப்பம் போகுமிடம் பதிவுத்துறையின் மாவட்டப் பதிவாளர் அலுவலகம். வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

சிரமம் எல்லாம் நோக்கத்தை எழுதுவதில்தான். வேறெங்கோ இருந்து நகலெடுத்த நோக்கங்களை ஒட்டிவிடாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த நீர்நிலை இது. நீச்சல், முதலுதவி, உயிர்காப்பு உடை ஆகியவை இங்கே ஒரு மன்றத்தின் முதல் வரியில் இருக்கலாம். பூநாரைகள் வரும் ஏரி. பறவை காட்டி அழைத்துப் போகும் பயிற்சியும் இருக்கலாம். ஏரி இரண்டு மாநிலங்களில் பரந்து கிடப்பதால் ஒரு சொல்: ஆந்திரக் கரையில் இருப்பவர்களுக்கு 2001ஆம் ஆண்டின் ஆந்திரச் சட்டம்தான் பொருந்தும்.

"நேரு யுவ கேந்திராவுல சேர்த்தாச்சு, அதுவே பதிவுதான்."

இல்லை. அது 1972இல் தொடங்கிய மத்திய அரசின் இளைஞர் திட்டம். அதில் இணைவது திட்டத்தில் சேர்வது மட்டுமே. 2023இல் வந்த 'மை பாரத்' தளத்தில் பெயர் கொடுப்பதும் அப்படித்தான். சட்டப்படியான உருவம் மாவட்டப் பதிவாளர் தரும் சான்றிதழில்தான் கிடைக்கிறது.

"லாபநோக்கமில்லாத மன்றம் காசு சம்பாதிக்கக் கூடாது, பதிவானா வரியும் கிடையாது."

இரண்டு பாதியும் தவறு. டியூஷனுக்குக் கட்டணம் வாங்கலாம், போட்டிக்கு நுழைவுக் கட்டணம் வைக்கலாம். மிச்சத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். வரிவிலக்குக்கு வருமான வரித்துறையிடம் தனியாகப் பதிய வேண்டும். நன்கொடையாளருக்குக் கழிவு கிடைக்க அதற்கும் தனி அனுமதி. வெளிநாட்டுப் பணத்துக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும். அதை வழக்கமான முறையில் பெற, மூன்றாண்டு நடந்திருக்க வேண்டும், 15 லட்ச ரூபாயாவது நோக்கங்களுக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். துபாயில் இருக்கும் நண்பர் தன் சொந்த இந்திய வங்கிக் கணக்கிலிருந்து இந்தியக் குடிமகனாக அனுப்பும் பணம் இதில் சேராது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நம்பி மன்றம் தொடங்குவதை நான் ஆதரிக்கவில்லை. எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள் பக்கத்தில் இருப்பதால் அந்த ஆசை வருவது இயல்பு. 2021 ஏப்ரல் முதல் அந்த நிதியைப் பெறும் அமைப்புகள் கம்பெனிகள் விவகார அமைச்சகத்திடம் முன்பதிவு செய்ய வேண்டும். புதிய மன்றத்துக்கு அது உடனே கைகூடாது. காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து மனுக் கொடுத்த ஊர்கள் இவை. அப்படிப்பட்ட பணத்தை வாங்குவதா வேண்டாமா என்பதைத் தலைவரும் செயலாளரும் தனியே முடிவு செய்யக் கூடாது. பொதுக்குழு கூடி, தீர்மானம் எழுதி, கையெழுத்துப் போட வேண்டும்.

பதிவு செய்துவிட்டால் ஏரிக்காக மனுக் கொடுக்க முடியாது என்ற பயமும் உண்டு. தாராளமாகக் கொடுக்கலாம். கட்சி வேலைக்கு மன்றத்தைப் பயன்படுத்தாமல் இருந்தால் போதும்.

"ஒரு தடவை பதிஞ்சா முடிஞ்சுது."

பல மன்றங்கள் உயிர் விடுவது இந்த நினைப்பால்தான். நிர்வாகக் குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும். ஒரு குழுவின் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, வரவுசெலவைத் தணிக்கை செய்து, பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7இல் தெரிவிக்க வேண்டும். விட்டுவிட்டால் தாமதக் கட்டணம் ஏறும், ஒரு நாள் பதிவே போய்விடும். கணக்கு எழுத நிதானமான ஒருவரை முதலில் தேடுங்கள், தலைவரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏழு பேர் கையெழுத்துப் போட உட்காரும் அந்த நாளில், அந்த ஏழில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். ஏரியின் இருளர் குடியிருப்புக்கும் ஒருவர் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.